ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு வரலாறு: பெருமை கண்டுபிடித்தவர்களுக்கா, செய்து கொடுத்த கூடத்துக்கா?

தாவடியூரான் (ஸ்கார்பரோ) எழுதியது:

மன்றத்து நண்பர்களுக்கு வணக்கம். பல்கலைக்கழகத் தரவரிசை வெளியாகும் ஒவ்வொரு முறையும் நோபல் பரிசுகளின் எண்ணிக்கையையும் காப்புரிமைகளின் எண்ணிக்கையையும் வைத்துக்கொண்டு நாம் இங்கே சண்டை பிடிக்கிறோம். ஒரு பல்கலைக்கழகத்தினுள்ளே வேலை எப்படி நடந்தது என்பதை அந்த எண்ணிக்கைகள் சொல்வதில்லை. ஆகவே ஒரேயொரு பல்கலைக்கழகத்தை எடுத்துப் பேசிப் பார்க்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். 1827-இல் கிங்ஸ் கல்லூரியாக அரச பட்டயம் பெற்று, 1850-இல் இன்றைய பெயருக்கு மாறிய, நம்மவர்கள் தமிழ் இருக்கைக்காக நிதி திரட்டிக் கொடுத்த ரொறன்ரோ பல்கலைக்கழகமே அது.

இன்சுலின் கதையை எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். ஒன்ராறியோ மாநிலத்து லண்டன் நகரில் நோயாளிகள் வராமல் காத்திருந்த இளம் அறுவை மருத்துவர் பிரெடரிக் பான்டிங், 1920 அக்டோபர் 31 அதிகாலையில் தூக்கம் வராமல் எழுந்து குறிப்பேட்டில் ஒரு யோசனையை எழுதி வைக்கிறார். நாயின் கணைய நாளத்தைக் கட்டிவிட்டால் செரிமான நீரைச் சுரக்கும் பகுதி சிதைந்துபோகும், லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் எனப்படும் கணையச் செல் கூட்டங்கள் மட்டும் எஞ்சும், அவற்றிலிருந்து உட்சுரப்பைப் பிரித்தெடுக்கலாம் என்பது யோசனை. ரொறன்ரோவில் பேராசிரியர் மக்லியோட் அவருக்கு ஆய்வுக்கூடத்தையும் நாய்களையும் சார்ல்ஸ் பெஸ்ட் என்ற மாணவரையும் கொடுக்கிறார். 1921 மே மாதத்தில் வேலை தொடங்குகிறது, 1923-இல் நோபல் பரிசு வருகிறது.

இந்தக் கதையில் விடுபட்டுப் போகும் ஒரு பாத்திரம் உண்டு. பான்டிங் வருவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1914-இல், ஜோன் பிட்ஸ்ஜெரால்ட் என்ற மருத்துவர் குதிரைகளை வளர்த்து, தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்நஞ்சை அவற்றின் குருதியிலிருந்து எடுத்து, அடக்க விலைக்கே கொடுக்கும் ஒரு கூடத்தைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக நிறுவியிருந்தார். பின்னாளில் அது கொனாட் ஆய்வுக்கூடம் எனப் பெயர் பெற்றது. அன்று வட அமெரிக்காவில் எத்தனை பல்கலைக்கழகங்கள் சொந்தமாக மருந்து தயாரித்து விற்றன? விரல்விட்டு எண்ணிவிடலாம். ரொறன்ரோவின் சாதனை வரலாற்றுக்கு முதுகெலும்பு அந்தத் தயாரிப்புக் கூடமே, 1972-இல் அதை விற்றபோது பல்கலைக்கழகம் தன் தனித்தன்மையில் ஒரு பங்கை விற்றுவிட்டது என்பது என் வாதம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மருந்துப்பெட்டி (மதுரை) எழுதியது:

ஐயா, நல்ல இழை. மருந்தாளுநன் என்ற முறையில் கதையின் நடுப்பகுதியை நிரப்ப விரும்புகிறேன், ஏனெனில் உங்கள் வாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பான்டிங் எழுதி வைத்த அந்த அதிகாலை யோசனை தேவையே இல்லாமல் போனது என்பது பலருக்குத் தெரியாது. நாளத்தைக் கட்டி வாரக்கணக்கில் காத்திருக்காமல், இறைச்சிக் கூடத்திலிருந்து வாங்கி வந்த மாட்டுக் கணையத்தையே அமிலம் கலந்த ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாறு எடுக்கலாம் என்று 1921 முடிவதற்குள் அவர்களே கண்டுகொண்டார்கள். 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோ பொது மருத்துவமனையில் லியனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது அப்படி எடுத்த சாறுதான். சிறுவன் எலும்பும் தோலுமாக, 30 கிலோவுக்கும் குறைவான எடையில் இருந்தான். இரத்தச் சர்க்கரை ஓரளவு இறங்கியது, ஆனால் ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி கண்டது, உடல் கொழுப்பை எரிப்பதால் சிறுநீரில் சேரும் கீட்டோன் குறையவில்லை. ஆகவே நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த 12 நாட்களில் நடந்ததுதான் உண்மையான வேதியியல். ஆல்பெர்டாவிலிருந்து விடுப்பில் வந்து 1921 டிசம்பரில் குழுவில் சேர்ந்த ஜேம்ஸ் காலிப், ஆல்கஹாலின் செறிவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்த்தார். ஓர் அளவு வரைக்கும் தேவையற்ற புரதங்கள் வீழ்படிவாக அடியில் தங்கின, இன்சுலின் கரைசலிலேயே நின்றது. செறிவு 90 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியதும் இன்சுலினே பொடியாகக் கீழே இறங்கியது. அதை எடுத்து ஜனவரி 23 முதல் செலுத்தியபோது, சிறுவனின் இரத்தச் சர்க்கரை ஒரே நாளில் 520-இலிருந்து 120-க்கு வந்தது. அவன் அதன் பிறகு 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

மருந்தின் வீரியத்தை அளப்பதற்கும் காலிப் முயல்களைத்தான் நம்பினார். பட்டினி கிடந்த முயலுக்குச் சாற்றைச் செலுத்தினால் சர்க்கரை சரிந்து வலிப்பு வரும், குளுக்கோஸ் ஊசி போட்டால் எழுந்து உட்கார்ந்துவிடும். எத்தனை துளியில் முயல் விழுகிறது என்பதே அளவுகோல். இன்று எங்கள் கடையில் '40 யூனிட்', '100 யூனிட்' என்று அச்சிட்டு விற்கும் குப்பிகளில் இருக்கும் அந்த 'யூனிட்' முயலிலிருந்து பிறந்ததே.

ஆனால் ஐயாவின் வாதத்துக்கு ஓர் இடைஞ்சல் இங்கே இருக்கிறது. ஜனவரியில் கைகூடிய அந்தச் செய்முறை, பெரிய பாத்திரத்தில் செய்யத் தொடங்கியதும் காலிப்பின் கையை விட்டு நழுவியது. மார்ச் மாதத்தில் கொனாட் கூடத்தில் எவ்வளவு முயன்றும் வீரியமுள்ள மருந்து வரவில்லை, காத்திருந்த நோயாளிகளுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. மே மாதத்தில்தான் மறுபடியும் பிடிகிடைத்தது. தயாரிப்புக் கூடம் பக்கத்திலேயே இருந்தும் இந்த நிலைமை.

எதிர்வாதி (சென்னை) எழுதியது:

என் பெயருக்கு ஏற்ப எழுதிவிடுகிறேன்.

முதலாவது, இன்சுலினை ஒரு பல்கலைக்கழகத்தின் கண்டுபிடிப்பு என்பதே மிகை. புக்கரெஸ்டில் நிக்கோலாய் பவுலெஸ்கு தம் கணையச் சாறு நாய்களின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதை 1921 ஆகஸ்டிலேயே வெளியிட்டுவிட்டார். டொராண்டோ குழு தம் முதல் கட்டுரையில் அவருடைய முடிவைத் தவறாக எடுத்துக்காட்டியது. இரண்டாவது, உற்பத்தியைத் தூக்கி நிறுத்தியது அமெரிக்காவின் ஈலை லில்லி என்ற மருந்து நிறுவனம். 1922 மே இறுதியில் பல்கலைக்கழகம் அதனுடன் ஒப்பந்தம் செய்யாமல் இருந்திருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்கள்? அந்த நிறுவனத்தின் ஜார்ஜ் வால்டன்தான், கரைசலின் அமிலத் தன்மையைச் சரியான புள்ளிக்குக் கொண்டுவந்தால் இன்சுலின் தானாகவே பிரிந்து படியும் என்பதை அந்த ஆண்டின் கடைசியில் கண்டு, தூய்மையையும் அளவையும் ஒருசேர உயர்த்தினார். ஆகவே, முதுகெலும்பு கொனாட் என்பதைவிட லில்லி இருக்கும் இண்டியானாபொலிஸ் என்பது பொருந்தும்.

மூன்றாவது, 'பல்கலைக்கழகத்தின் சாதனை' என்ற போர்வைக்குள்ளே நடந்த சண்டையை ஏன் யாரும் எழுதவில்லை? 1922 ஜனவரியில் செய்முறையைச் சொல்ல மறுத்த காலிப் மீது பான்டிங் கைவைத்ததாகவே பதிவு உண்டு. தனித்தனியாகக் காப்புரிமைக்கு ஓட மாட்டோம் என்று நால்வரும் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகே வேலை நகர்ந்தது. நோபல் குழு பான்டிங்குக்கும் மக்லியோடுக்கும் பரிசு கொடுத்தபோது, பான்டிங் கொதித்தெழுந்து தம் பங்கில் பாதியைப் பெஸ்டுக்கும், மக்லியோட் தம் பங்கில் பாதியைக் காலிப்புக்கும் கொடுத்தார்கள். நால்வர் சேர்ந்து ஒரு மருந்தைக் கண்டதை விட, சேர்ந்து இருக்க முடியாத நால்வரிடமிருந்து ஒரு மருந்து வந்ததுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

தாவடியூரான் எழுதியது:

எதிர்வாதித் தம்பிக்கு: சண்டையை நான் மறைக்கவில்லை, அது நன்றாகவே எழுதப்பட்ட பகுதி என்பதால் தவிர்த்தேன். பவுலெஸ்குவுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவரது சாறு மனிதருக்குப் பயன்படும் மருந்தாகாமல் நின்றதும், ரொறன்ரோவின் சாறு ஓராண்டுக்குள் கண்டம் தாண்டிப் போனதும் ஏன் என்பதே என் கேள்வி. அதற்குப் பதில் மூளையில் இல்லை, அமைப்பில் இருக்கிறது.

லில்லியைப் பற்றிச் சொன்னீர்கள். அந்த ஒப்பந்தத்தை யார், எந்த நிலையில் நின்று எழுதினார்கள் என்பதைப் பாருங்கள். பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழக ஆளுநர் குழுவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதை நிர்வகிக்கப் பல்கலைக்கழகம் ஓர் இன்சுலின் குழுவை அமைத்தது. யார் தயாரிக்கலாம் என்பதற்கு உரிமம் கொடுத்ததும், தயாரானவற்றின் வீரியத்தைச் சோதித்துத் தரத்தைக் காத்ததும் அந்தக் குழுவே. பிரித்தானியாவில் உரிமை மருத்துவ ஆய்வுக் கழகத்துக்குப் போனது. டென்மார்க்கின் நோபல் பரிசாளர் ஓகஸ்ட் க்ரோக், நீரிழிவு கண்டிருந்த தம் மனைவி மேரியின் தூண்டுதலால் 1922 இறுதியில் ரொறன்ரோவுக்கு வந்து, அனுமதியோடு செய்முறையை எடுத்துப்போய்த் தொடங்கியதுதான் நோர்டிஸ்க். இன்று உடல் எடைக் குறைப்பு ஊசிகளால் பேசப்படும் நோவோ நோர்டிஸ்க் நிறுவனத்தின் வேர்களில் ஒன்று அது.

ஒரு பல்கலைக்கழகத்துக்கு உரிமம் எழுதத் தெரிந்தது, தரத்தைச் சோதிக்கத் தெரிந்தது, ஒரு பெரும் நிறுவனத்துடன் பேரம் பேசத் தெரிந்தது. எதிர்நஞ்சுக் குப்பிகளை ஏழெட்டு ஆண்டுகளாக நிரப்பி விற்றுப் பழகியிராத பல்கலைக்கழகத்துக்கு இது எங்கிருந்து வந்திருக்கும்?

நுண்ணோக்கி (வாட்டர்லூ) எழுதியது:

ஐயாவின் வாதத்துக்கு இன்சுலினைவிட வலுவான சான்று போலியோ தடுப்பூசி. ஏனோ அதை விட்டுவிட்டார்.

1950 வாக்கில் கொனாட் கூடத்தில் ரேமண்ட் பார்க்கரும் ஜோசப் மோர்கனும் ஹெலன் மோர்ட்டனும் விலங்குத் திசுக்களை உடலுக்கு வெளியே வளர்ப்பதற்கு ஒரு செயற்கை ஊட்டக் கரைசலை உருவாக்கினார்கள். 199-ஆவது முயற்சியில் அமைந்த கலவை என்பதால் அதற்கு 'மீடியம் 199' என்றே பெயர் நின்றுவிட்டது. புற்றுநோய்ச் செல்களை ஆராய்வதே நோக்கம், போலியோ அல்ல. குரங்கின் சிறுநீரகச் செல்களில் போலியோ வைரசை வளர்க்க அந்தக் கரைசல் உதவும் என்பது அடுத்தாற்போல் தெரிந்தது. விலங்குச் சீரம் கலக்காத கரைசல் என்பதால் அதில் வளர்ந்த வைரஸ் தடுப்பூசிக்குப் பாதுகாப்பானது.

ஆனால் சோதனைக் குழாயில் வளர்ப்பது ஒன்று, லட்சக்கணக்கான குழந்தைகளுக்குப் போதுமான அளவில் வளர்ப்பது வேறொன்று. அந்த இரண்டாவது வேலையைச் செய்தவர் லியோன் ஃபாரல் என்ற பெண் வேதியியலாளர். 1933-இல் இதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கக்குவான் தடுப்பூசிக்காக நுண்ணுயிரிகளை வளர்க்கும்போது, குடுவையை அசையாமல் வைப்பதைவிட மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தால் விளைச்சல் கூடுகிறது என்பதை முன்பே கண்டிருந்தார். அதே உத்தியைப் போலியோவுக்கும் கொண்டுவந்து, பெரிய கண்ணாடிக் குடுவைகளை அடுக்குகளில் கிடத்தி, அடுக்கு முழுவதும் தொட்டில்போல் ஆடும்படி செய்தார். 'டொராண்டோ முறை' என்று அதற்குப் பெயர். 1954-இல் ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசியை அமெரிக்காவில் சோதித்தபோது, 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்ற அந்தச் சோதனைக்குத் தேவைப்பட்ட வைரஸ் திரவம், ஏறத்தாழ 3000 லிட்டர், இந்த அடுக்குகளிலிருந்தே போனது. வைரசைச் செயலிழக்கச் செய்து ஊசி மருந்தாக்கும் வேலை மட்டுமே அமெரிக்க நிறுவனங்களில் நடந்தது.

1955 வசந்தத்தில் நடந்ததையும் பாருங்கள். அமெரிக்காவில் கட்டர் நிறுவனம் தயாரித்த தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் தங்கிவிட்டதால் குழந்தைகளுக்கு இளம்பிள்ளை வாதம் கண்டது, தடுப்பூசித் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. கனடாவில் சுகாதார அமைச்சர் பால் மார்ட்டின் திட்டத்தை நிறுத்தவில்லை. இங்கே போடப்பட்டது கொனாட் தயாரித்த மருந்து, அதில் அத்தகைய கோளாறு எதுவும் தெரியவில்லை என்பதே அவருடைய துணிவுக்கு அடிப்படை.

வாசகி_கோவை எழுதியது:

ஃபாரல் அவர்களின் பெயரை இன்றுதான் கேள்விப்படுகிறேன். இன்சுலின் என்றால் பான்டிங், போலியோ என்றால் சால்க் என்றுதான் பள்ளியில் சொல்லித்தந்தார்கள்.

ஒரு கேள்வி. காப்புரிமையை ஒரு டாலருக்குக் கொடுத்த மருந்து, அமெரிக்காவில் வாங்க முடியாத விலைக்குப் போய்விட்டதாகச் செய்திகளில் படித்தோமே, அது எப்படி? அந்த ஒரு டாலருக்கு என்னதான் பயன்?

மருந்துப்பெட்டி எழுதியது:

சகோதரி, அந்த ஒரு டாலர் ஏற்பாடு காத்தது 1920-களின் மாட்டு, பன்றி இன்சுலினை. காப்புரிமைக்கு ஆயுள் உண்டு. அது முடிந்த பிறகு வந்தவை வேறு மருந்துகள், வேறு காப்புரிமைகள். 1982-இல் மரபணு மாற்றிய பாக்டீரியாவிலிருந்து எடுத்த மனித இன்சுலின் வந்தது. 1996-இல் அமினோ அமில வரிசையைச் சற்றே மாற்றி, வேகமாக வேலை செய்யும்படி அமைத்த ஹியூமலாக் வந்தது. அமெரிக்காவில் ஒரு குப்பி 21 டாலர் என்று அறிமுகமான அது, இருபது ஆண்டுகளில் 275 டாலர் அளவுக்குப் போனது. ஆளுக்கு ஆள் கழிவு வாங்கும் இடைத்தரகு அமைப்பும் சேர்ந்துகொண்டது. 2023 முதல் அங்கே முதியோர் காப்பீட்டில் மாதத்துக்கு 35 டாலர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் சாதாரண மனித இன்சுலின் விலைக் கட்டுப்பாட்டுக்குள் இருப்பதால் அந்த அவதி இல்லை.

ஆக, அந்த ஒரு டாலரின் பயன் முதல் இருபது ஆண்டுகளில் தெரிந்தது. தனியொரு நிறுவனம் மருந்தைப் பூட்டிவைக்க முடியாமல் போனது. பல்கலைக்கழகம் விலையை என்றென்றைக்கும் கட்டிப்போட்டுவிட்டது என்று எண்ணுவதுதான் தவறு.

கணிநிரலன் (பெங்களூரு) எழுதியது:

எல்லோரும் மருந்திலேயே நிற்கிறீர்கள். கணினித் துறையிலும் டொராண்டோவுக்கு இதே கதை உண்டு, ஆனால் தலைகீழாக.

1940-களின் கடைசியில் பல்கலைக்கழகம் சொந்தமாக ஒரு மின்னணுக் கணினியைக் கட்டத் தொடங்கி, சிறிய மாதிரி ஒன்றை இயக்கியும் காட்டியது. முழு அளவில் கட்டுவதற்குள், பிரிட்டனில் ஒரு ஃபெரான்டி மார்க் 1 கணினி வாங்குவார் இன்றி நின்றது. 1952-இல் அதை வாங்கிக்கொண்டு சொந்த முயற்சியைக் கைவிட்டார்கள். 'ஃபெருட்' என்று அதற்குப் பெயர் வைத்த பீட்ரிஸ் வோர்ஸ்லி, கணினியியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். செயின்ட் லாரன்ஸ் கடல்வழித் திட்டத்துக்கான நீர்மட்டக் கணக்குகளை அந்த இயந்திரம் போட்டுக்கொடுத்தது. தாமே செய்வதை விட்டு வாங்கியதால் துறை தேய்ந்துபோனதா? இல்லை. 1971-இல் ஸ்டீபன் குக் இதே பல்கலைக்கழகத்திலிருந்து, விடையைச் சரிபார்ப்பது எளிது ஆனால் விடையைக் காண்பது கடினம் என்று தோன்றும் கணக்குகளுக்கு ஒரு பொது அடையாளம் கொடுத்தார். அதற்குத் தேவைப்பட்டது தாளும் பென்சிலும்.

ஜெஃப்ரி ஹின்டன் 1987-இல் டொராண்டோவுக்கு வந்தார். செயற்கை நரம்பு வலையமைப்பு என்றாலே ஆய்வாளர்கள் முகம் சுளித்த காலத்திலும் அவர் அதை விடவில்லை. 2012-இல் அவருடைய மாணவர்கள் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கியும் இல்யா சுட்ஸ்கேவரும் படங்களை இனங்காணும் போட்டியில் பிழை விகிதத்தை 15.3 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள், இரண்டாம் இடத்தில் வந்தவர்களுக்கு 26.2 சதவீதம். பயன்படுத்தியது, விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் இரண்டு கிராஃபிக்ஸ் அட்டைகள். கணினி இருந்தது கிரிஷெவ்ஸ்கி பெற்றோருடன் தங்கியிருந்த வீட்டில். மூவரும் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து ஏலத்தில் விட்டபோது கூகுள் 4 கோடியே 40 லட்சம் டாலருக்கு எடுத்தது. அந்த நிறுவனத்திடம் விற்பதற்கு ஒரு பொருளும் இல்லை, மூன்று பேர் இருந்தார்கள், அவ்வளவுதான். 2024-இல் ஹின்டனுக்கு ஜான் ஹாப்ஃபீல்டுடன் இயற்பியல் நோபல் கிடைத்தது.

1923-இல் மூவருக்கு ஆளுக்கு ஒரு டாலர், 2013-இல் மூவருக்கு 4 கோடியே 40 லட்சம். இரண்டையும் அறத்தின் தராசில் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை என்றாலும், ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

எதிர்வாதி எழுதியது:

கணிநிரலன் எழுதியதே என் கட்சிக்குப் போதும். குக்குக்குத் தயாரிப்புக் கூடம் தேவைப்படவில்லை. ஹின்டனுக்குத் தேவைப்பட்டது முப்பது ஆண்டுப் பொறுமையும் அதற்குச் சம்பளம் கொடுத்த துறையும். இதய முடுக்கியையும் (பேஸ்மேக்கர்), பலவகைச் செல்களாக மாறவல்ல மூலச்செல்லான ஸ்டெம் செல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள், அவையும் இதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவைதானே? அவற்றில் கொனாட் எங்கே வருகிறது?

நுண்ணோக்கி எழுதியது:

அந்த இரண்டையும் நானே எழுத நினைத்திருந்தேன்.

வில்ஃப்ரெட் பிகலோ இதய அறுவைக்காக உடலைக் குளிரவைக்கும் முறையை நாய்களில் ஆராய்ந்துகொண்டிருந்தார். குளிர்ந்த நாயின் இதயம் ஒருமுறை திடீரென நின்றுபோனது. செய்வதறியாமல் கையிலிருந்த கருவியால் அதைக் குத்தினார், இதயம் ஒருமுறை சுருங்கியது. மறுபடி குத்த மறுபடி சுருங்கியது. குத்துவதற்குப் பதில் மின்துடிப்பைக் கொடுத்தால் என்ன என்ற கேள்வியோடு ஜான் கலகனும், ஒட்டாவாவின் தேசிய ஆய்வுக் கழகத்திலிருந்து வந்த மின்பொறியாளர் ஜேக் ஹாப்ஸும் சேர்ந்து 1950-இல் உடலுக்கு வெளியே வைக்கும் முடுக்கியை உருவாக்கினார்கள். ஆனால் உடலுக்குள் பொருத்தும் முடுக்கி 1958-இல் ஸ்டாக்ஹோமில் முதலில் வந்தது. கருவி செய்யும் கூடம் டொராண்டோவில் பக்கத்தில் இல்லாமல் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். இது என் ஊகம்.

ஸ்டெம் செல் கதை வேறு மாதிரி. ஒன்டாரியோ புற்றுநோய் நிலையத்தில் எர்னஸ்ட் மெக்கலக் மருத்துவர், ஜேம்ஸ் டில் இயற்பியலாளர். கதிர்வீச்சால் எலும்பு மஜ்ஜையை அழித்த எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜைச் செல்களைச் செலுத்தி, எத்தனை செல்கள் இருந்தால் எலி பிழைக்கும் என்று பார்ப்பதே சோதனை. பத்து நாள் கழித்து எலிகளை அறுத்துப் பார்த்த மெக்கலக், மண்ணீரல்களின் மேல் சிறு முடிச்சுகள் இருப்பதைக் கவனித்தார். பத்தாயிரம் செல்களைச் செலுத்தினால் ஏறத்தாழ ஒரு முடிச்சு, இருபதாயிரம் செலுத்தினால் இரண்டு. கணக்கு நேர்கோட்டில் போனதால், ஒவ்வொரு முடிச்சும் ஒரே செல்லிலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். 1961-இல் அந்தக் கட்டுரை கதிரியக்க ஆய்வாளர்கள் மட்டுமே படிக்கும் இதழில் வந்ததால் பலர் கண்ணில் படவில்லை. மாணவர் ஆன்ட்ரூ பெக்கருடன் சேர்ந்து 1963-இல் அந்த ஊகத்தை உறுதிப்படுத்தினார்கள்.

இங்கே கொனாட் இல்லை என்பது உண்மை. ஆனால் மருத்துவரும் இயற்பியலாளரும் ஒரே கூரையின் கீழ், நோயாளிகளின் படுக்கைகளுக்கு அருகிலேயே உட்காரும்படி ஒரு நிலையத்தை யாரோ திட்டமிட்டுக் கட்டியிருந்தார்கள். அந்த இயற்பியல் பிரிவை நிறுவிய ஹெரால்ட் ஜான்ஸ், சஸ்காட்செவனில் கோபால்ட் கதிர்ச் சிகிச்சைக் கருவியைச் செய்துவிட்டு வந்தவர். எதிர்வாதி சொல்லும் 'தனிமனிதப் பொறுமை' இதில் எங்கே இருக்கிறது?

தாவடியூரான் எழுதியது:

என் வாதத்தை இப்போது இன்னும் கூர்மையாக வைக்கிறேன். குக் எழுதியது போன்ற ஒரு தேற்றத்துக்கு எந்தக் கூடமும் தேவையில்லை, அதை ஏற்கிறேன். ஆனால் மனித உடலுக்குள் போகவேண்டிய கண்டுபிடிப்புக்குச் செய்து பார்க்கும் இடம் அருகிலேயே இருக்க வேண்டும். இன்சுலின் மார்ச் மாதத்தில் நழுவியதாக மருந்துப்பெட்டி எழுதினார். நழுவியதை மே மாதத்துக்குள் பிடிக்க முடிந்தது, ஏனென்றால் பெஸ்டும் காலிப்பும் மக்லியோடும் பாத்திரங்களுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒப்பந்த நிறுவனத்திடம் கொடுத்திருந்தால், 'செய்முறை சரியில்லை' என்று ஒரு கடிதம் மட்டுமே வந்திருக்கும்.

1972-இல் கொனாட் கனடா வளர்ச்சிக் கழகத்துக்கு விற்கப்பட்டது, 1989-இல் பிரெஞ்சு மெரியே நிறுவனத்திடம் போனது, இன்று அது சனோஃபியின் ஒரு கிளை. கொரோனா தொற்றுக் காலத்தில் கனடா தடுப்பூசிக்காக வெளிநாடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கொனாட்டை விற்றது பற்றி இங்கே பத்திரிகைகளில் பலர் எழுதினார்கள். லியனார்ட் தாம்ப்சன் படுத்திருந்த பழைய பொது மருத்துவமனைக் கட்டடம் இப்போது 'மார்ஸ்' என்ற புத்தாக்க வளாகத்தின் ஒரு பகுதி. 2017-இல் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுக்கான வெக்டர் நிலையமும் முதலில் அதே வளாகத்தில்தான் இயங்கியது. வாடகைக்கு இடம் உண்டு, முதலீட்டாளர்கள் உண்டு. மருந்து காய்ச்சும் பாத்திரம் மட்டும் பல்கலைக்கழகத்தின் கையில் இல்லை.

எதிர்வாதி எழுதியது:

இப்படிச் சுருக்கிச் சொன்னால் எனக்கு எதிர்க்க அதிகம் இல்லை, ஒன்றைத் தவிர. 1972-இல் விற்காமல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தடுப்பூசித் தயாரிப்பில் தரக் கட்டுப்பாடும் வழக்குகளும் முதலீடும் வளர்ந்த வேகத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் ஆளுநர் குழு ஈடுகொடுத்திருக்குமா? பேராசிரியர்களின் சம்பளத்தை வெட்டித் தொழிற்சாலைக்குக் கொட்டியிருப்பார்கள். விற்ற பணம் எங்கே போனது என்பதைச் சொல்லுங்கள், அதை வைத்து முடிவு செய்யலாம்.

நுண்ணோக்கி எழுதியது:

அந்தப் பணம் கொனாட் நிதி என்ற பெயரில் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. மூலதனத்தைத் தொடாமல், அதன் வருவாயிலிருந்து புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கும் துறைகளைத் தாண்டிய ஆய்வுகளுக்கும் ஆண்டுதோறும் நல்கை கொடுக்கிறார்கள். மருத்துவத்துக்கு மட்டும் என்ற வரையறை இல்லை. மனிதவியல் துறையினரும் வாங்கியிருக்கிறார்கள். ஆகவே, தமிழ் இருக்கையில் அமர்பவரும் விண்ணப்பிக்கலாம்.